ஆறாறு வினாடியாக வரும் வீடியோ

ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில் (ஒரு தனிப் படத்தில்) 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், வினாடிக்கு 25 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 155 எம்பி (மெகாபைட்) வருகிறது. நம் வீட்டு இணைய இணைப்புகள் இதைத் தாங்காது. அதனால் முதல் வேலை சுருக்குவதுதான். 2003-இல் வந்த எச்.264 போன்ற கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைகள்) சில ஃபிரேம்களை மட்டும் முழுப் படமாக வைத்துக்கொள்கின்றன. மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசையவே இல்லை. அதை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்? இப்படிச் சுருக்கினால் வினாடிக்கு 5 மெகாபிட்டிலேயே (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) நல்ல படம் கிடைத்துவிடும்.

சரி, அனுப்புவது எப்படி? ஒரு காலத்தில் இதற்கென்றே தனி சர்வர், தனி பிளேயர் எல்லாம் தேவைப்பட்டன. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் வீடியோவை ஆறு வினாடி, பத்து வினாடித் துண்டுகளாக வெட்டி, சாதாரணக் கோப்புகளாக வைத்துவிடுகிறார்கள். 1080, 720, 360 என ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனித் துண்டுகள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு பட்டியல் கோப்பு. சர்வருக்கு இது வீடியோ என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை, கேட்ட கோப்பைக் கொடுத்தால் போதும்.

முடிவெடுப்பது பிளேயர். போன துண்டு வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது, கையிருப்பில் இன்னும் எத்தனை வினாடி இருக்கிறது என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று அதுவே தீர்மானிக்கிறது. சிக்னலின் நிலை பார்ப்பவர் பக்கம்தானே தெரியும்! அதனால் பொறுப்பை அங்கேயே விட்டது அருமையான யோசனை என்பேன். எல்லாத் தரத்திலும் துண்டுகள் ஒரே நொடியில், முழுப் படத்தோடு தொடங்குவதால் நடுவில் தரம் மாறினாலும் ஓட்டம் அறுபடாது.

நேரலையில் மட்டும் இதற்கு ஒரு விலை உண்டு. ஆறு வினாடித் துண்டுகளில் மூன்றைச் சேர்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தால், அங்கேயே 18 வினாடி தாமதம். பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து கூச்சல் அடங்கிய பிறகே நம் போனில் பந்து வீசப்படுவது இதனால்தான்.

உங்கள் தளத்தில் இரண்டு நிமிட வீடியோ போட இவ்வளவும் வேண்டாம். ஒரு எம்பி4 கோப்பும் எச்டிஎம்எல்லின் வீடியோ டேகும் போதும். ஆனால் எம்பி4-இன் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படும். வீடியோக்களை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற கட்டளையைக் கொடுத்து அதை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள், படம் சீக்கிரம் ஓடத் தொடங்கும். நீளமான வீடியோ என்றால் எச்எல்எஸ்தான் நல்லது. அப்புறம், டேட்டா கணக்கையும் பாருங்கள்: 5 மெகாபிட்டில் பத்து நிமிட வீடியோவை ஒருவர் பார்த்தால் 375 எம்பி, ஆயிரம் பேர் பார்த்தால் 375 ஜிபி. அந்த அளவுக்குக் கூட்டம் வருமென்றால், பார்ப்பவருக்கு அருகிலேயே நகல் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவை ஒன்றில் துண்டுகளை ஏற்றிவிடுவது நல்லது.