கரண்ட் போகும் ஊரில் ஒரு பிட்காயின் நோடு

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்காவது ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பி மேல் சாயும். அன்று ராத்திரி முழுக்க இருட்டுதான். இந்த ஊரில் வீட்டு லினக்ஸ் சர்வரில் பிட்காயின் நோடு ஓட்டுகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "மாசம் எவ்வளவு வரும்?" ஒரு பைசா வராது. காசு மைனிங் செய்பவர்களுக்கு, அதாவது கணக்கில் புதுப் பக்கம் சேர்ப்பவர்களுக்கு. நோடு என்பது அந்தக் கணக்கை வைத்துச் சரிபார்க்கும் கணினி; வெறும் கணக்குப்பிள்ளை, அதுவும் யார் பேச்சையும் நம்பாத கணக்குப்பிள்ளை.

பச்சைத் தேயிலை எடை எழுதும் நோட்டில், முன்பக்கத்து மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவார்கள். நடுவில் ஒரு எண்ணைத் திருத்தினால் பின்னால் எல்லாம் இடிக்கும். பிளாக்செயின் என்ற பிட்காயின் கணக்கேட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பிளாக்; மொத்தத்துக்குப் பதில் ஹேஷ், அதாவது உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிடும் அடையாள எண். முந்தைய பிளாக்கின் 80 பைட் தலைப்பை எஸ்ஹெச்ஏ-256 கணக்கில் இரண்டு தடவை போட்டு, கிடைக்கும் எண்ணை அடுத்த பிளாக் சுமக்கிறது. முதல் பிளாக்கின் தேதி 2009 ஜனவரி 3. இப்போதும் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று சேர்கிறது.

புது நோடு முதல் பிளாக்கிலிருந்தே எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்கும். இந்தக் காசு உண்மையில் இருந்ததா, ஏற்கெனவே செலவாகிவிட்டதா? (மென்பொருளிலேயே குறித்து வைத்திருக்கும் ஒரு பிளாக்குக்கு முந்தையவற்றின் டிஜிட்டல் கையெழுத்துகளை மட்டும் வழக்கமாக விட்டுவிடும். அதையும் பார் என்றால் பார்க்கும்.) மொத்தம் 600 ஜிபிக்கு மேல். 2 டிபி எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலை நகராது. இடமில்லை என்றால் ப்ரூன் வசதி உண்டு; பார்த்து முடித்த பிளாக்குகளை அழித்து, பிளாக் கோப்புகளை 550 எம்பி வரை சுருக்கிக்கொள்ளும். ஆனால் இறக்குவது என்னவோ முழுசாகத்தான்.

இனி கரண்ட் விஷயம். செலவாகாத காசுகளின் பட்டியலை நோடு அடிக்கடி புரட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கில் எழுதினால் தாமதம் என்று மெமரியில் சேர்த்து வைத்து மொத்தமாக இறக்கும். நான் அமைத்தபோது அந்த மெமரியின் இயல்பான அளவு 450 எம்பி. முதல் ஒத்திசைவு, அதாவது பழைய பிளாக்குகளை எல்லாம் இறக்கிச் சரிபார்ப்பது, சீக்கிரம் முடியட்டும் என்று நான் 4 ஜிபியாக ஏற்றினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மரம் சாய்ந்தது. பிளாக் கோப்புகள் பத்திரம். ஆனால் மெமரியில் இருந்த பட்டியல் போயிற்று. பல மணி நேரம் சரிபார்த்ததையே திரும்பவும் சரிபார்த்தது.

அப்புறம்தான் யுபிஎஸ் வாங்கினேன். பேட்டரி மட்டும் போதாது. யுஎஸ்பி கேபிளில் சர்வரோடு இணைத்து, பேட்டரி இறங்கும்போது முறைப்படி நிறுத்தச் சொல்ல வேண்டும். லினக்ஸில் அதற்கு நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் இருக்கிறது. இன்னொரு சிக்கல், லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி. நிறுத்தச் சொல்லி 90 விநாடியில் நிற்காத நிரலை அது வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். 4 ஜிபியை எழுதி முடிக்க அது போதாமல் போகலாம். நோடை ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோர், சிஸ்டம்டிக்காகத் தரும் சர்வீஸ் கோப்பில் 600 விநாடி என்று இருக்கிறது, அதையே வையுங்கள்.

போன வாரம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் நோடு சுமார் 18 பிளாக் பின்தங்கியிருந்தது. டீ கொதிப்பதற்குள் பிடித்துவிட்டது.