ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? கண்டன்சரைப் பாருங்கள்

போன கோடையில் அம்மா அறை ஃபேன் முழு வேகத்தில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல ஓடியது. பார்க்க வந்தவர், "காயில் போயிடுச்சு, புதுசா கட்டணும்" என்றார். காயில் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மெயினை அணைத்து, மேல் கிண்ணத்தை இறக்கி, உள்ளே இருந்த சின்ன வெள்ளை டப்பாவைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். மேலே அச்சிட்டிருந்தது 2.5 மைக்ரோஃபாரட் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறனின் அளவு). மீட்டர் காட்டியது 1.1.

எலக்ட்ரீசியன்கள் கண்டன்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டர்தான் அது. அதன் வேலை புரிய ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளினால் அது ஆடும், சுற்றாது. சரியான நேரத்தில் பக்கவாட்டிலும் ஒரு தள்ளு சேர்ந்தால்தான் வட்டம் வரும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் முன்னும் பின்னும் தள்ளும் கை மாதிரி. ஃபேனுக்குள் இரண்டு காயில்கள் உண்டு. ஒன்றுக்கு மின்சாரம் நேராகப் போகிறது. இன்னொன்றுக்குக் கண்டன்சர் வழியாக, அலையில் சற்று முந்திப் போகிறது. அதுதான் அந்தப் பக்கவாட்டுத் தள்ளு. கண்டன்சரின் அளவு குறைந்தால் இரண்டாவது காயிலில் ஓடும் மின்னோட்டமும் குறைந்து, சுற்றும் விசை தளர்ந்துவிடும்.

அளவு ஏன் குறைகிறது? உள்ளே இருப்பது மைக்ரான் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் படலச் சுருள். அதன்மேல் உலோகப் பூச்சு, படலத்தைவிடப் பல மடங்கு மெல்லியது. மின்னழுத்தம் எகிறும்போது படலத்தில் எங்காவது ஒரு புள்ளி பொத்துப்போகும். உடனே அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி, ஓட்டையைத் தனித்து விட்டுவிடும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகப் பரப்பு போய்விடுகிறது. வருடக்கணக்கில் சேர்ந்து, வேகம் நமக்குத் தெரியாமலே இறங்குகிறது.

சுவிட்ச் போட்டும் சுற்றாத ஃபேன், கம்பால் லேசாகத் தள்ளிவிட்டால் தள்ளிய திசையில் ஓடத் தொடங்கினால், பெரும்பாலும் கண்டன்சர் செத்துவிட்டது. அணைத்த நிலையில் கையால் சுற்றும்போதே இறுகினால் பேரிங் பழுது.

மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே 440 வோல்ட் பார்த்து வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவு போடாதீர்கள். காயில் சூடேறிக் கருகும். கழற்றிய கண்டன்சரின் முனைகளைத் தொட வேண்டாம், மின்னூட்டம் மிச்சமிருக்கலாம். குண்டு பல்பின் வயர்களைச் சில வினாடி அவற்றில் வைத்தால் வடிந்துவிடும். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் ஆளை அழைப்பதே நல்லது.

காயிலே கருகியிருந்தால், மறுபடி கட்டுவதற்கு முன் பிஎல்டிசி ஃபேனை (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் கொண்டது) யோசிக்கலாம். சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருப்பதால், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 197 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் கடையிலேயே ஒப்பிடலாம். நான் அதோடு ஒன்று கேட்பேன்: உள்ளே இருக்கும் மின்னணு போர்டு பழுதானால் தனியாகக் கிடைக்குமா? கண்டன்சர் மாதிரி தெருமுனைக் கடையில் அது எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் அந்தக் கம்பெனி போர்டுதான் பொருந்தும்.