நோட்டீஸ் வந்த அன்றே சபை வர வேண்டும்

ஏழைகளின் வீடு இடிக்கப்பட்ட மறுநாள் கிறிஸ்தவ சபைகள் வந்துவிடுகின்றன. போர்வை வருகிறது, சாப்பாடு வருகிறது, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வருகிறது, ஜெபமும் நடக்கிறது. குடியிருப்பு உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்களின் கைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்து எத்தனையோ வாரங்கள் ஆகியிருக்கும். பதில் கொடுக்க வேண்டிய கெடு முடிந்திருக்கும், மேல்முறையீட்டுக்கான நாளும் கடந்திருக்கும். அந்த வாரங்களில் சபைக்கு விஷயம் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் "அது கோர்ட் விவகாரம், நமக்கெதற்கு" என்று விலகியிருக்கும். கிறிஸ்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இடித்த மறுநாள் வருகிறவர்கள், நோட்டீஸ் வந்த அன்றே வாருங்கள்.

இது அரசியல், சபையின் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களை வேதத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்வேன். கடன் கொடுத்தவன் அடகு வாங்கப் போகும்போது கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும், கடனாளியே பொருளை வெளியே கொண்டுவந்து தருவான் என்கிறது அந்தச் சட்டம். கொடுத்தவனுக்குப் பணம் வர வேண்டியது நியாயம்தான். அப்படியிருந்தும் வாசற்படியைத் தாண்டும் உரிமை அவனுக்கு இல்லை. ஏழையின் வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கு ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு மரியாதை உண்டு என்று எழுதி வைத்த சட்டம் அது. ஏசாயா 5:8 இன்னும் கடுமையாகப் பேசுகிறது. மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகுமட்டும் வீட்டோடே வீட்டைச் சேர்த்து, வயலோடே வயலைக் கூட்டுகிறவர்களுக்கு ஐயோ என்கிறார் தீர்க்கதரிசி. ஆனால் பிரசங்கங்களில் அந்த வசனத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

ஆகாப் ராஜா கேட்ட திராட்சத்தோட்டத்தைத் தர மறுத்த நாபோத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு வழக்கறிஞராக 1 இராஜாக்கள் 21-ஐப் படித்துப் பார்த்தால் அதில் ஒரு விஷயம் உறுத்தும். ஆகாப் அந்தத் தோட்டத்தை வெறுமனே பிடுங்கவில்லை. ராஜாவின் பெயரில் கடிதம் எழுதப்படுகிறது, முத்திரை போடப்படுகிறது. ஊரில் உபவாசம் கூறப்படுகிறது. சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகள் வருகிறார்கள். குற்றச்சாட்டு, விசாரணை, தண்டனை என்று எல்லாம் முறைப்படி நடந்து முடிகிறது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் ராஜா தோட்டத்தைச் சுதந்தரித்துக்கொள்ளப் போகிறான், தீர்க்கதரிசி எலியா அங்கே போய் அவனை எதிர்கொள்கிறார். ஆனால் அந்தக் கடிதம் முதலில் வந்து சேர்ந்தது நாபோத்தின் ஊரில் இருந்த மூப்பர்களுக்கும் பெரியோருக்கும். அவர்களில் ஒருவராவது வாய் திறந்ததாக வேதத்தில் இல்லை. எலியா வந்தபோது நாபோத் உயிரோடு இல்லை. ஏழைகளின் வீட்டு விஷயத்தில் சபை எலியாவைப் போல் பேச ஆசைப்படுகிறது. அதற்கு முன்னால் அந்த மூப்பர்களைப் போல் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சரி, நோட்டீஸ் வந்த அன்று சட்டத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவில் வீடும் ஓர் உரிமையாக இடம்பெற்றது. 1966-இல் வந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு அதை நாடுகளின் கடமையாக்கியது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, அதன் பிரிவுகளை விளக்கும் பொதுக் கருத்துரைகளில் 4-ஆவதை 1991-இலும், 7-ஆவதை 1997-இலும் வெளியிட்டது. இரண்டாவது முழுக்க முழுக்கக் கட்டாய வெளியேற்றம் பற்றியது. பாதிக்கப்படுகிறவர்களோடு உண்மையாகக் கலந்து பேச வேண்டும். போதிய அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். அந்த நிலம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று சொல்ல வேண்டும். இடிக்க வருகிறவர்கள் யார் என்பது தெரிய வேண்டும். இரவிலோ மோசமான வானிலையிலோ வெளியேற்றக் கூடாது. யாரும் வீடற்றவராக ஆகிவிடக் கூடாது என்று அது சொல்கிறது. எல்லா நாட்டு நீதிமன்றத்திலும் இது நேரடியாகச் செல்லுபடியாகாது. ஆனாலும் ஒரு மனுவில் சரியான இடத்தில் எடுத்துக்காட்டினால் நீதிபதிகள் கவனிக்கிறார்கள்.

நீதிமன்றத்தால் எவ்வளவு முடியும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1985-இல் பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. வேலை பக்கத்தில் இருப்பதால்தான் இவர்கள் இங்கே படுக்கிறார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெரிய தீர்ப்பு, இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அதே தீர்ப்பு மழைக்காலம் முடிந்தபின் அவர்களை அகற்ற அனுமதித்தது. தென்னாப்பிரிக்காவில் ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணின் பெயரில் நடந்த வழக்கில், மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு வழி வைக்காத வீட்டுத் திட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். குரூட்பூமோ 2008-இல் குடிசையிலேயே இறந்தார். வழக்கில் ஜெயித்த பிறகு அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க ஆட்கள் வேண்டும். அதை ஒரு வழக்கறிஞர் தனியாகச் செய்ய முடியாது, ஒரு சபையால் முடியும்.

இப்போது சபை செய்யக்கூடிய சின்ன வேலைகள். பெரும்பாலான வழக்குகள் இவற்றில்தான் நிற்கின்றன அல்லது விழுகின்றன. நோட்டீஸைக் கிழித்துப் போடவோ, பயந்து ஒளித்து வைக்கவோ விடாதீர்கள். எந்த அலுவலகம் அனுப்பியது, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் அனுப்பியது, கையில் கிடைத்த தேதி எது, பதில் சொல்லக் கடைசி நாள் எது என்ற நான்கையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம், பக்கத்தில் ஒருவர் நின்றால் தானாக வரும். வாய்மொழியாக யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் அதை எழுத்தில் கேளுங்கள். சட்ட உதவி மையம் எங்கே இருக்கிறது என்பதைச் சபை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆவணங்கள். பல வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்பதை நிரூபிப்பதுதான் ஏழைகளுக்கு மிகக் கஷ்டம். நெருப்பிலும் வெள்ளத்திலும் இடமாற்றத்திலும் காகிதங்கள் போயிருக்கும். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தேதியும், பல சமயம் முகவரியும் இருக்கும். போதகரோ பங்குத்தந்தையோ கையெழுத்திட்டுத் தரும் அதன் நகல், ஒரு குடும்பம் இத்தனை ஆண்டுகள் அந்த இடத்தில் வாழ்ந்தது என்று காட்ட உதவும் சாட்சியம். ஞாயிறுபள்ளி வருகைப் பட்டியல்கூடச் சில நேரம் கைகொடுக்கும். குடியிருப்போரின் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் சபையார் இருவராவது அங்கே நின்றால் இன்னும் நல்லது. வாடகைக்கு இருப்பவர்கள், கணவர் விட்டுப்போன பெண்கள், ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டாவது குடும்பம், அன்று வேலைக்குப் போயிருந்தவர்கள் ஆகியோரின் பெயர்தான் பட்டியலில் விடுபடும். மாற்று வீடு கொடுக்கும்போது அந்தப் பட்டியல்தான் பேசும்.

மாற்று வீடு எங்கே என்பதையும் கேட்க வேண்டும். வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்குப் போய்வரக்கூடிய இடத்தில் இருந்தால்தான் அது போதுமான வீடு என்று 4-ஆம் பொதுக் கருத்துரை சொல்கிறது. சுவர் பலமாக இருப்பது மட்டும் போதாது.

சட்டத்தையே மாற்றுகிற அளவுக்கும் இது போகலாம். 1954 பிப்ரவரி 1 அன்று பிரான்சில் பாதிரியார் அபே பியேர் வானொலியில் பேசினார். பாரிஸ் தெருவில் ஒரு பெண் குளிரில் உறைந்து இறந்திருந்தார், வீட்டைவிட்டு வெளியேற்றிய உத்தரவு அவர் கையில் இருந்தது. மக்கள் போர்வைகளைக் குவித்தார்கள். ஆனால் விஷயம் போர்வையோடு நிற்கவில்லை. 1956-இல் குளிர்காலத்தில் குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது, இன்றும் இருக்கிறது. அபே பியேர் மீது பல பெண்கள் கூறிய பாலியல் புகார்கள் 2024-இல் வெளிவந்தன. அந்தப் பெண்களின் வேதனையை ஒதுக்கிவிட்டு அவரைக் கொண்டாட முடியாது. அந்தச் சட்டம் ஒவ்வொரு குளிர்காலமும் காக்கிற குடும்பங்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நியூயார்க்கின் கிழக்கு புரூக்ளின் சபைகள் வேறு விதமாகச் செய்தன. சாம்பலாகிக் கிடந்த தெருக்களில் 1980-களில் அவை ஒன்றுகூடி, தங்கள் திருச்சபைகளிடம் வட்டியில்லாக் கடன் வாங்கி, நகராட்சியோடு வாதாடி நிலம் பெற்று, சாதாரணச் சம்பளக்காரர்கள் சொந்தமாக வாங்கக்கூடிய வீடுகளைக் கட்டின. நெகேமியா என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் தானியத்துக்காக நிலங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டு அலறுகிறார்கள். ஆளுநரான நெகேமியா பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு, இன்றைக்கே திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்று சபை நடுவில் சொல்கிறார்.

திரும்பக் கொடுக்கச் சொல்லப்பட்டவர்கள் சொந்த ஜனத்தின் பெரியவர்கள் என்பதால், சபைச் சொத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். பல திருச்சபைகள் பெரிய நில உரிமையாளர்கள். அந்த நிலங்களில் தலைமுறைகளாக வாடகைக்கு இருக்கும் ஏழைகள் உண்டு. வாடகைக்கு ரசீது தராமல் இருப்பது, ஒப்பந்தத்தை எழுத்தில் வைக்காமல் இருப்பது, கட்டிடக் கமிட்டி கூடி முடிவெடுத்தபின் குடியிருப்பவருக்குச் சொல்வது எல்லாம் நம் வளாகங்களுக்குள்ளும் நடக்கின்றன. ஒரு சபை இந்த வேலையில் இறங்க நினைத்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தன் குடியிருப்பாளர்களின் பட்டியலை மேசைமேல் வைக்கட்டும். அவர்களில் எத்தனை பேரிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையை அந்த மாதமே தொடங்கட்டும்.