செயற்கை உணவு கலரை குடல் பாக்டீரியா எப்படி உடைக்குது?

ரெட் 40, டார்ட்ராசின், சன்செட் யெல்லோ எல்லாமே அசோ டை வகை. மூலக்கூறோட நடுவுல ரெண்டு நைட்ரஜன் அணு டபுள் பாண்ட்ல இணைஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் வளைய அமைப்பு, இந்த முழுத் தொடரும் சேர்ந்து ஒளியோட ஒரு பகுதியை உறிஞ்சுறதாலதான் கலரே தெரியுது.

இந்த பாண்டை நம்ம செரிமான நொதிங்க தொடறதில்ல. சாயத்துல இருக்கிற சல்ஃபோனேட்ங்கிற மின்சுமை உள்ள கந்தக குரூப்பால அது தண்ணியில நல்லா கரையும், ஆனா சிறுகுடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போறது ரொம்ப கம்மி, பெரும்பாலும் அப்படியே பெருங்குடலுக்கு வந்துடும். அங்க ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது, இருந்திருந்தா எலக்ட்ரானை அதுவே பறிச்சிருக்கும். அதனால பாக்டீரியாவோட அசோரிடக்டேஸ் நொதி எலக்ட்ரானைச் சுமக்கிற என்ஏடிஹெச்ங்கிற மூலக்கூறுல இருந்து அதை வாங்கி சாயத்து மேல இறக்குது, ரெண்டு ரெண்டா மொத்தம் 4 எலக்ட்ரான், அவ்ளோதான், பாண்ட் அறுந்து ரெண்டு அமீன் (நைட்ரஜன் உள்ள) துண்டா ஆயிடும், கலரும் போயிடும். பிரில்லியன்ட் ப்ளூ அசோ வகை இல்ல, அதனாலதான் அதை நிறைய சாப்பிட்டா மலமே பச்சையா நீலமா வருது.

மருத்துவத்துக்கு இது பழைய கதை. 1930கள்ல வந்த ப்ரோன்டோசில் ஒரு சிவப்பு அசோ சாயம், சோதனைக்குழாய்ல கிருமியை ஒண்ணுமே செய்யல, உடம்புக்குள்ள போனா கொன்னுச்சு, ஏன்னா உள்ள உடைஞ்சு வர்ற சல்ஃபானிலமைடுதான் நிஜ மருந்து. பெருங்குடல் புண்ணுக்குக் கொடுக்கிற சல்ஃபாசலசினும் பாக்டீரியா உடைச்சாதான் வேலை செய்யும்.

ஆக, சாயத்தை மட்டும் பார்த்து நல்லதா கெட்டதான்னு பேசினா பாதி விஷயம் விட்டுப்போகுது, துண்டுகளையும் பாக்கணும். ரெட் 40 உடைஞ்சா ரெண்டு துண்டுலயும் சல்ஃபோனேட் இருக்கும், அதனால பெருசா உடம்புல சேராதுங்கிறதுதான் கணக்கு. ஆனா 2021ல செல் மெட்டபாலிசம் இதழ்ல வந்த எலி ஆய்வை படிச்சதுல இருந்து எனக்கு அது மட்டும் போதும்னு தோணல, துண்டு ரத்தத்துக்குப் போகலன்னாலும் குடல்லயே இருக்கே! பாக்டீராய்டிஸ் ஓவேட்டஸ், என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ்ங்கிற ரெண்டு குடல் பாக்டீரியாவும் ரெட் 40ஐ உடைச்சு உண்டாக்கின ஒரு துண்டே குடல் அழற்சியைத் தூண்டுச்சு. எல்லா எலிக்கும் இல்ல, ஐஎல்-23ங்கிற அழற்சி சிக்னல் அளவுக்கு மீறி சுரக்கிற எலிகளுக்கு, அதுவும் குடல்ல பாக்டீரியா இருந்தா மட்டும்.