எஸ்.எம்.பி.: குறிமிதவையும் எழுமிதவையும்

‘சர்ஃபேஸ் மார்க்கர் பாய்’, அதாவது நீர்ப்பரப்பில் இடம் காட்டும் மிதவை, என்பதன் சுருக்கம் எஸ்.எம்.பி. காற்று அடைத்தால் நிமிர்ந்து நிற்கும் குழல் போன்ற ஒரு பை, அதன் அடியில் மெல்லிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் தண்ணீருக்குள் இருக்கும் சுழியோடி. ‘எனக்குக் கீழே ஆள் இருக்கிறது’ என்று மேலே போகிற படகுகளுக்குச் சொல்வதுதான் இதன் வேலை. ஒரு மீட்டர் அலையடிக்கும் கடலில், தண்ணீருக்கு மேலே தெரியும் தலையை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து கண்டுபிடிப்பதே சிரமம். ஆளுயர ஆரஞ்சுக் குழல் என்றால் படகோட்டி தேட வேண்டியதில்லை.

இந்தப் பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, இறங்கும்போதே மேலே மிதக்கவிட்டு, நீச்சல் முடியும்வரை இழுத்துக்கொண்டே போவது. மற்றது, சுருட்டி இடுப்பிலோ பையிலோ வைத்திருந்து, ஏறும் நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்தே காற்றடைத்து மேலே அனுப்புவது. பின்னதற்கு ‘டிலேய்டு’ (தாமதமான) என்ற அடைமொழி சேர்த்து டி.எஸ்.எம்.பி. என்பார்கள். அமெரிக்கர்கள் அதன் உருவத்தைப் பார்த்து ‘சேஃப்டி சாசேஜ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பேச்சில் இரண்டையுமே எஸ்.எம்.பி. என்பதால், கடையில் கேட்கும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலும் விற்பது இரண்டாவது வகை.

‘பாய்’ என்ற சொல்லை அமெரிக்கர்கள் ‘பூயி’ என்று ஒலிப்பார்கள். பழைய பிரெஞ்சு அல்லது டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அதற்கு முந்தைய மூலத்தில் ஒருமித்த கருத்து இல்லை. சங்கிலி, விலங்கு எனப் பொருள்படும் லத்தீன் ‘போயா’ என்பது ஒரு தரப்பு. அடையாளம், சைகை எனப் பொருள்படும் ஜெர்மானிய வேர் என்பது இன்னொரு தரப்பு. கட்டிவைத்த பொருளா, காட்டித்தரும் பொருளா என்பதுதான் வழக்கு. எஸ்.எம்.பி. இரண்டு வேலையையும் செய்கிறது. துறைமுக வழியைக் காட்டும் பெரிய இரும்பு மிதவையை நம் கரையோரங்களில் ‘போயா’ என்பார்கள். புயல் முடிந்து அது கரை ஒதுங்கும்போது செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். போர்த்துகீசிய மொழியிலும் மிதவைக்கு ஏறக்குறைய இதே ஒலிதான்.

தமிழில் ‘மித’ என்ற வினையிலிருந்து மிதவை. பழந்தமிழில் இதற்குத் தெப்பம் என்ற பொருளோடு கூழ், களி என்ற பொருளும் உண்டு. அகநானூற்றின் 86ஆம் பாடலில் கல்யாண விருந்துக்குச் சமைத்த உளுந்து மிதவை வருகிறது. இப்போது அந்தப் பொருள் வழக்கில் இல்லை என்பதால் குழப்பமில்லை.

அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தாமதப்படுத்தப்பட்ட மேற்பரப்புக் குறியீட்டு மிதவை’ என்று வரும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘தாமதம்’தான் தவறு. மிதவை தாமதமாக வரவில்லை, வேண்டிய நேரத்தில்தான் விடப்படுகிறது. பொதுப்பெயராகக் குறிமிதவை என்றும், அடியிலிருந்து விடும் வகையை எழுமிதவை என்றும் சொல்வது பொருந்தும். படகில் எஸ்.எம்.பி. என்றே கேட்டுக்கொள்ளட்டும், பயிற்சிக் குறிப்பிலும் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப் பெயர் இருந்தால் மீனவருக்கும் புரியும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். ஒரு மீட்டருக்குக் குறைந்தது குளத்துப் பயிற்சிக்குத்தான் ஆகும். திறந்த கடலுக்கு ஒன்றரை மீட்டராவது வேண்டும். தட்டையாக விரித்தால் 18 சென்டிமீட்டர் அகலம் வரும் குழல், நிரம்பியபின் சுமார் 15 லிட்டர் காற்று கொள்ளும். தண்ணீருக்குள் முழுதாக அமிழ்ந்திருந்தால் கிட்டத்தட்ட 15 கிலோ விசையோடு மேலே இழுக்கும். அடிப்பாகம் திறந்த வகை மலிவு, ஆனால் மேலே போய்ச் சாய்ந்தால் காற்றைக் கொட்டிவிட்டுச் சுருங்கிக் கிடக்கும். உள்ளே போன காற்று திரும்பாதபடி வாய்க்குள் மடிப்பு வைத்த வகையே பெரும்பாலோருக்குப் போதும். முழுக்க மூடிய வகையில் ஊதுகுழாயோ சிலிண்டர் ஹோஸ் மாட்டும் முனையோ இருக்கும். இந்த இரண்டு வகையிலும் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறும்போது விரியும் காற்றில் தையல் பிரியும். நிறம் ஆரஞ்சு அல்லது சிவப்பு. மஞ்சளைச் சில இடங்களில் ‘உதவி தேவை’ என்பதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் அப்படியில்லை. இறங்குமுன் படகில் கேட்டுக்கொள்வதே வழி.

கயிற்றைச் சுற்றிவைக்கக் கைப்பிடியோடு சுழலும் ரீல் அல்லது வெறும் உருளையான ஸ்பூல். ஸ்பூலில் நகரும் பாகம் எதுவும் இல்லை, அதனால் சிக்குவதும் குறைவு. சுற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். கயிறு நைலானாக இருப்பது நல்லது. பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், தொய்ந்தால் முகத்தைச் சுற்றி வளையம் போடும். நீளம், விடப்போகும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. நீரோட்டத்தில் கயிறு சாய்வாகத்தான் போகும் என்பதால் 20 மீட்டருக்கு 30 மீட்டர் கயிறு.

எவ்வளவு காற்று அடைப்பது என்பதில்தான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், அதாவது மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. அங்கே 5 லிட்டர் விட்டால் மேலே போய் 15 லிட்டராகிவிடும்; இரண்டு நல்ல மூச்சு போதும். 5 மீட்டரில் அழுத்தம் ஒன்றரை பார்தான். அதே குழலுக்கு அங்கே 10 லிட்டர் வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் விடுவது சுலபம் என்று நினைத்து, ஏறும் வழியில் சில நிமிடம் நிற்கும் 5 மீட்டர் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு வந்தபின் ஒரே மூச்சில் ஊதி அனுப்புகிறவர்களின் மிதவை மேலே அரை உயிராகத் துவண்டு கிடப்பது இதனால்தான்.

விடும் முறை இது. ஆழத்தை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆழம் காட்டும் மணிக்கட்டுக் கணினியில் ஒரு கண் இருக்க வேண்டும். தலைக்கு மேல் படகு சத்தம் இல்லையா என்று கேட்டு, கூட்டாளிக்குச் சைகை காட்டி, குழலை விரித்துக் கயிற்றை மாட்ட வேண்டும். முதலில் கொஞ்சமாக ஒரு ஊதல். குழல் எழுந்து நின்றதும் கயிறு ஹோஸிலோ முகக்கவசத்திலோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க இதுதான் நேரம். பிறகு ஸ்பூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்து, கையை நீட்டி, முழு அளவு காற்றைக் கொடுத்து உடனே விட்டுவிட வேண்டும். இரண்டு விநாடி பிடித்து யோசித்தாலே 5 லிட்டர் காற்று உங்களையும் சேர்த்துத் தூக்கத் தொடங்கும். ஸ்பூல் விரலில் சுழலும், பிறகு நிற்கும். குழல் மேலே போய்விட்டது. தொய்வைச் சுற்றியெடுத்து, பட்டம் விடுகிறவர் பிடிப்பதுபோல் லேசான இழுவையில் வைத்துக்கொள்ள வேண்டும். இழுவை இல்லாவிட்டால் குழல் படுத்துவிடும்.

விபத்து வருவது பெரும்பாலும் கயிறு சிக்கும்போதுதான். சிக்கினால் மிதவை சுழியோடியை இழுத்துக்கொண்டு போகும். போகப் போக உள்ளிருக்கும் காற்று விரிவதால் வேகம் கூடும். கட்டுப்பாடில்லாத ஏற்றத்தில் நுரையீரல் கிழியலாம், உடலில் கரைந்த வாயு குமிழாகி அழுத்தநீக்க நோய் வரலாம். ஆகவே விடும்போது ரீலை உடம்பிலோ, மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச்சட்டையான பி.சி.டி.யிலோ ஒருபோதும் கொக்கி மாட்டக் கூடாது. சிக்கினால் கையை விட்டுவிட வேண்டும், ரீல் போனால் போகிறது. ஆக்டோபஸ் ரெகுலேட்டரால் (மூச்சுக்கான உதிரி வாய்க்கருவி) காற்றடைத்தால் அது குழலின் வாயிலோ கயிற்றிலோ மாட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஹோஸ் மாட்டி நிரப்பும் வகையில், முனை கழன்று வராமல் அடம்பிடிக்கும்.

மாலத்தீவின் பவளத்தீவு வாய்க்கால்களில் நீரோட்டத்தோடு போகும்போது, ‘தோணி’ என்று நம் சொல்லின் சாயலிலேயே அழைக்கப்படும் படகு, மேலே எழும் மிதவையைப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டால், நீண்ட அழுத்தநீக்க நிறுத்தங்களைத் திறந்த நீரில் எழுமிதவையின் கயிற்றைப் பிடித்துத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

புதுச்சேரி போன்ற மீன்பிடிக் கரைகளில் இன்னொரு சிக்கல். வலைக்கு அடையாளமாகத் தெர்மோகோலும் பிளாஸ்டிக் கேனும் கொடிக்கம்பும் மிதக்கும் கடலில், குறிமிதவையையும் யாரோ போட்ட வலை என்று நினைத்துப் பக்கத்திலேயே ஓட்டிப்போக இடமுண்டு. அங்கே சுழியோடிப் படகில் நீலமும் வெள்ளையும் கலந்த ‘ஆல்ஃபா’ கொடி பறக்க வேண்டும். அந்தக் கொடிக்கும் குழலுக்கும் என்ன பொருள் என்று மீனவர்களிடம் முன்கூட்டியே பேசியும் வைக்க வேண்டும்.