வகுக்காமலே பகா எண்ணை அடையாளம் காண்பது எப்படி?

170141183460469231731687303715884105727.

இந்த 39 இலக்க எண் ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது. பிரான்சைச் சேர்ந்த கணிதவியலாளர் எதுவார்ட் லூகாஸ் 1876-இல், கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில், இதைக் காட்டினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

சின்ன எண் என்றால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிடலாம். இதற்கு வர்க்கமூலமே 20 இலக்கம். ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்து, நொடிக்கு 100 கோடி முறை வகுத்தாலும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லூகாஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த எண் 2¹²⁷ − 1. இப்படி, இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இவற்றுக்கென்றே லூகாஸ் ஒரு சோதனை கண்டார். 1930-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லெமர் அதை இன்னும் எளிதாக்கினார். லெமரின் வடிவத்தை 2⁷ − 1, அதாவது 127-இல் போட்டுப் பார்ப்போம். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். 127-ஐத் தாண்டினால் 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4, 14, அப்புறம் 194. அதன் மீதி 67. தொடர்ந்தால் 42, 111, கடைசியில் 0. ஐந்தே படிகள். அடுக்கில் இரண்டைக் குறைத்தால் வருவதுதான் படிகளின் எண்ணிக்கை. கடைசி விடை 0 என்றால் பகா எண், இல்லையென்றால் இல்லை. 2¹²⁷ − 1-க்கு 125 படிகள் போதும்.

மீதி காண்பதற்குக்கூட வகுக்கத் தேவையில்லை. இரும முறையில் 194 என்பது 11000010. கடைசி ஏழு இலக்கங்கள் 66, முன்னால் நிற்பது 1. கூட்டினால் 67, அவ்வளவுதான்!

சரி, இது ஏன் பலிக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 2 + √3, 2 − √3 இரண்டையும் கூட்டினால் 4, பெருக்கினால் 1. அதனால் ‘வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி’ என்ற ஒவ்வொரு படியும் இவற்றின் அடுக்கை இரட்டிப்பாக்குகிறது. 125 படிகளின் முடிவில் 0 வந்தால், 2 + √3-இன் அடுக்குகள் 2¹²⁷ வெவ்வேறு மதிப்புகளைத் தொட்ட பிறகே திரும்ப 1-க்கு வரும். நம் எண்ணுக்குச் சிறிய பகாக் காரணி ஒன்று இருந்தால், அது வர்க்கமூலத்தைத் தாண்டாது. இந்த அடுக்குகள் எல்லாம் a + b√3 என்ற வடிவில் இருக்கும். அந்தக் காரணியால் வகுத்து மீதி பார்த்தால், a-க்கும் b-க்கும் தலா அந்தக் காரணியின் அளவுக்கே மதிப்புகள் உண்டு. ஆகவே கிடைக்கக்கூடிய மொத்த மதிப்புகள் காரணியின் வர்க்கம், அதாவது அதிகபட்சம் 2¹²⁷ − 1. ஒன்று குறைகிறது! அத்தனை மதிப்புகளுக்கு அங்கே இடமில்லை. எனவே அப்படியொரு காரணியும் இல்லை.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற 4,10,24,320 இலக்கப் பகா எண்ணையும் இதே சோதனைதான் உறுதிசெய்தது.

இன்னொன்றும் உண்டு. 2-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கிடைத்த எண்ணை 2-இன் அடுக்காக வைத்து 1-ஐக் கழித்தால் 3, 7, 127, பிறகு நம் 39 இலக்க எண். 2-ஐயும் சேர்த்து ஐந்துமே பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதைச் சோதிக்க வேண்டிய படிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.