சூளை தீட்டிய கறுப்பு

மியூனிக் அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பெரிய ஆம்போரா ஜாடி இருக்கிறது. கி.மு. 520 வாக்கில் ஏதென்ஸில் வனைந்தது. ஒரு பக்கம் வீரன் ஹெராக்ளிஸ் கட்டிலில் சாய்ந்தபடி விருந்துக்குத் தயாராக இருக்கிறான், எதிரே அதீனா தேவி நிற்கிறாள். சிவந்த மண்மேல் கறுப்பு உருவங்கள். மறுபக்கம் போனால் அங்கேயும் ஹெராக்ளிஸ், கட்டில், அதீனா. ஆனால் இங்கே பின்னணி கறுப்பு, உருவங்கள் சிவப்பு.

இந்த ஜாடியில் சாயம் என்று பார்த்தால் அநேகமாக ஒன்றுமே இல்லை. பளபளக்கும் அந்தக் கறுப்பு கரியும் அல்ல, மையும் அல்ல. அதுவும் களிமண்தான். அதைக் கறுப்பாக்கியது நெருப்பு.

ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதியின் களிமண்ணில் இரும்புச்சத்து அதிகம். அதை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் மணலும் பருக்கையும் அடியில் தங்கிவிடும், மிக நுண்ணிய துகள்கள் மட்டும் தண்ணீரோடு மேலே நிற்கும். அதை வடித்து வற்றவைத்தால் வழவழவென்று ஒரு குழம்பு கிடைக்கும். ஓவியர் தூரிகையில் எடுத்தது இதைத்தான். இந்த நுண்துகள்களில் பொட்டாசியம் மிகுந்த கனிமங்கள் செறிந்திருக்கும், சுண்ணாம்பு குறைவாக இருக்கும். அதனால் ஜாடியின் மண்ணைவிடக் குறைந்த சூட்டிலேயே இந்தக் குழம்பு இளகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். சூட்சுமம் முழுவதும் இந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி சூளை. முதலில் காற்றுத் துவாரங்களைத் திறந்துவைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் மண்ணிலுள்ள இரும்பு ஹேமடைட் என்னும் சிவப்பு ஆக்சைடாகிறது. ஜாடி முழுக்கச் சிவப்பு, தீட்டிய இடமும் சிவப்பு. அப்புறம் துவாரத்தை அடைத்து, பச்சை விறகை உள்ளே தள்ளுவார்கள். விறகு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு நிறையும். ஆக்சிஜனுக்கு ஏங்கும் வாயு அது, இரும்பு ஆக்சைடிடமிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும். சிவந்த ஹேமடைட்டானது மேக்னடைட் போன்ற கரிய சேர்மங்களாக மாற, ஜாடி முழுவதும் கறுத்துவிடும். சூடு 900 டிகிரியைத் தாண்டும் இந்தக் கட்டத்தில்தான் தீட்டிய குழம்பு இளகி, துளையில்லாத மெல்லிய படலமாகிறது. கடைசியில் சூட்டைச் சற்றுத் தணித்து மறுபடி துவாரத்தைத் திறப்பார்கள். தீட்டாத மண்ணில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஆக்சிஜன் புகுந்து மண்ணை மீண்டும் சிவப்பாக்கும். படலத்துக்குள் மட்டும் அதனால் நுழைய முடியாது. அங்கே சிக்கிய கறுப்பு அப்படியே நின்றுவிடும்.

ஒரே சூளையில், ஒரே நெருப்பில், ஒரே இரும்பிலிருந்து இரண்டு நிறம்! வெப்பமானியோ வாயுவை அளக்கும் கருவியோ இல்லாத காலத்தில் இதைச் சாதித்திருக்கிறார்கள். பதம் பார்க்க, துளையிட்ட சிறு ஓடுகளை உள்ளே வைத்து நடுநடுவே வெளியே இழுத்துப் பார்த்தார்கள். அப்படியும் தவறியிருக்கிறது. இரண்டு கலங்கள் நெருங்கி நின்று வாயு சரியாகச் சுற்றாத இடத்தில் கறுப்பு பிடிக்காமல் செம்பழுப்புத் திட்டு விழுந்த ஜாடிகளை அருங்காட்சியகங்களில் இன்றும் காணலாம். அவற்றையும் விற்றிருக்கிறார்கள்.

இந்த நுட்பம் பின்னாளில் வழக்கொழிந்து மறந்துபோனது. கறுப்பு எப்படி வந்தது என்பதை 1942இல் ஜெர்மன் வேதியியலாளர் தியோடர் ஷூமன்தான் தெளிவாக விளக்கினார்.

ஓவியரின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். வேகாத ஜாடியும் குழம்பும் கிட்டத்தட்ட ஒரே மண்நிறம். கறுப்பையே பார்க்காமல் கறுப்பை வரைந்தவர்கள் அவர்கள்.

கறுப்பு உருவப் பாணி கி.மு. 700 வாக்கில் கிரேக்க நகரமான கொரிந்தில் தோன்றியது. உருவம் முழுவதையும் குழம்பால் நிரப்பி, கூரான முனையால் கீறி உள்விவரங்களைக் காட்டுவார்கள். இதன் உச்சம் என்று நான் நினைப்பது வத்திக்கானில் உள்ள, ஏதென்ஸ் ஓவியர் எக்ஸீகியாஸின் ஆம்போரா. டிராய் போரின் வீரர்களான அக்கிலிஸும் அஜாக்ஸும் போர் நடுவே குனிந்து உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். அவர்கள் மேலங்கியின் பூவேலை, தாடி, முடிச்சுருள் எல்லாம் மயிரிழைக் கீறல்கள். அக்கிலிஸின் வாயருகே ‘நான்கு’ என்றும், அஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்றும் ஆட்டத்தில் விழுந்த எண்ணை எழுதியிருக்கிறது.

ஆனால் கீறல் விறைப்பானது. கோடு தடிக்காது, மெலியாது, வெளிறாது. கி.மு. 530-520 வாக்கில் ஏதென்ஸ் ஓவியர்கள் முறையைத் திருப்பிப் போட்டார்கள். பின்னணியை நிரப்பி உருவத்தை மண்ணாகவே விட்டால், உள்விவரங்களைத் தூரிகையால் வரையலாம். கெட்டிக் குழம்பில் இழுத்த கோடு மேற்பரப்பிலிருந்து புடைத்து நிற்கும். நீர்த்த குழம்பு சூளையில் பொன்பழுப்பாகும், தசை மடிப்புக்கும் இளமுடிக்கும் அதுவே போதும். இந்தச் சுதந்திரம் கிடைத்ததும் உடம்பைத் திருப்பி, முறுக்கி, முதுகுப்பக்கமிருந்தெல்லாம் வரையத் தொடங்கினார்கள். ஆட்டம் போடும் மூவரை அப்படி வரைந்த யூதிமைடிஸ், அந்த ஆம்போராவிலேயே தன் சமகால ஓவியர் ஒருவரைச் சீண்டி எழுதிவைத்திருக்கிறார்: ‘யூஃப்ரோனியோஸ் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.’